கலிங்கில் வராத நீர் கணினியில் வந்தால்: மதுரைப் பக்கத்து ஓடுநீர், மண்ணரிப்பு மாடல்களில் பிழை நீக்கும் வழி

வைகை, குண்டாறு படுகைகளில் சுவாட் மாடல் (மழையிலிருந்து ஓடுநீரையும் மண்ணரிப்பையும் கணக்கிடும் கணினி நிரல்) ஓட்டுகிறவர்களுக்கும், கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் யு.எஸ்.எல்.இ. என்ற மண்ணிழப்பு வாய்பாட்டை வைத்து மண்ணரிப்பு வரைபடம் போடுகிறவர்களுக்கும் இது. ஒவ்வொரு தலைப்பும் திரையில் தெரியும் ஓர் அறிகுறி. உங்களுக்குத் தெரிவது எதுவோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: முதலில் எல்லை, பிறகு மழை, பிறகு ஓடுநீர், கடைசியில்தான் மண். சுவாட் மண்ணரிப்பைக் கணக்கிடும் வாய்பாட்டில் ஓடுநீரும் வெள்ள உச்சமும் பெருக்கப்பட்டு 0.56 அடுக்குக்கு உயர்த்தப்படுகின்றன. ஓடுநீர் இரட்டித்தால் உச்சமும் கூடவே இரட்டிக்கும், மண் 2.17 மடங்காகும். நீர்க் கணக்கு தவறாக இருக்கும்போது மண் கணக்கைச் சீர்செய்ய முடியாது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த மாடல்கள் கண்மாய்ச் சங்கிலி இல்லாத நாட்டில், கோடையில் பயிர் நிற்கும் நாட்டில் உருவானவை. நம் பக்கத்தில் விடை பிசகும்போது கை முதலில் சி.என். எண்ணை (மழையில் எவ்வளவு ஓடுநீராகும் என்பதற்கு நிலத்துக்குக் கொடுக்கும் எண்) திருகத்தான் போகிறது. அதைத் திருகி வரைகோடுகளைப் பொருத்திவிடவும் முடியும். ஆனால் அப்படிப் பொருத்திய மாடலிடம் “இந்த மானாவாரிப் புஞ்சையெல்லாம் வீட்டுமனையானால் கீழே உள்ள கண்மாய்க்கு என்ன ஆகும்?” என்று கேட்டால் தவறான பதில்தான் வரும். அதனால் எண்ணைத் தொடும் முன் கண்மாய், மழைக் கணக்கின் நேரம், விதைப்பு மாதம் மூன்றையும் சரிபாருங்கள்.

முதல் சோதனை: எல்லாவற்றையும் மில்லிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள்

பொதுப்பணித்துறைப் பதிவேடுகள் கன அடியிலும் மில்லியன் கன அடியிலும் இருக்கும். மாடல் கன மீட்டரிலும் மில்லிமீட்டரிலும் பேசும். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மி.மீ. நீர் என்பது 1,000 கன மீட்டர். ஒரு மில்லியன் கன அடி 28,317 கன மீட்டர். வினாடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 86,400 கன அடி, அதாவது ஏறத்தாழ 2,447 கன மீட்டர். ஆண்டு ஓடுநீர் மொத்தத்தைப் படுகைப் பரப்பால் வகுத்து மி.மீ. ஆக்கி, மழைக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஓடுநீர் மழையை விட அதிகமாக இருந்தால் பரப்போ அலகோ தவறு. அல்லது வெளிப்படுகை நீர் உள்ளே வருகிறது. எந்தப் பாராமீட்டரை மாற்றினாலும் அது தீராது.

அறிகுறி: படுகைப் பரப்பு பொருந்தவில்லை, மண் லேயர் ஓரிடத்தில், ஓடை வேறிடத்தில்

யு.டி.எம். என்பது பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் வரைபட முறை; அதன் 43, 44-ஆம் மண்டலங்களின் எல்லை கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகையில் போகிறது. மதுரை நகரம் 78.1 பாகையில், 44-ஆம் மண்டலத்தில் இருக்கிறது. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, வைகை அணை எல்லாம் 43-ஆம் மண்டலம். மேல்படுகைக்கு ஒருவரும் கீழ்ப்படுகைக்கு இன்னொருவரும் லேயர் தயாரித்திருந்தால் இரண்டும் ஒட்டவே ஒட்டாது.

ஒரு மண்டலத்தைத் தேர்ந்தெடுத்து எல்லா லேயரையும் அதற்கே மாற்றுங்கள். வைகை முழுவதற்கும் என்றால் 43, மதுரைக்குக் கிழக்கே மேலூர், சிவகங்கைப் பக்கம் மட்டும் என்றால் 44. எல்லை தாண்டி ஓரிரு பாகை நீள்வதால் வரும் பிழை மிகச் சிறியது. ஆனால் “புரொஜெக்ஷன் அமை” என்பது வேறு, “புரொஜெக்ஷன் மாற்று” என்பது வேறு. முன்னது பெயர்ப்பலகையை மட்டுமே மாற்றும். எண்கள் பழைய இடத்திலேயே நிற்கும். ராஸ்டருக்கு (செல் செல்லாக அமைந்த படம்) ‘வார்ப்’, வெக்டருக்கு (கோடு, எல்லை) ‘ரீபுரொஜெக்ட்’ கருவியைப் பயன்படுத்துங்கள்.

அறிகுறி: சமவெளியில் ஓடைகள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் இணையாக ஓடுகின்றன, கண்மாய்களைக் காணோம்

உயர ராஸ்டரில் ‘பள்ளம் நிரப்பு’ கட்டளையை ஓட்டியதன் விளைவு. நம் சமவெளியின் சரிவு மிகக் குறைவு. கண்மாய்க் கரைக்கு மேற்புறம் உள்ள பள்ளம் முழுவதும் நிரம்பித் தட்டையாகிவிடும். தட்டையான இடத்தில் நிரல் தன் இஷ்டத்துக்கு நேர்க்கோடு இழுக்கும். அந்தக் கோடு பெரும்பாலும் கரையை உடைத்துக்கொண்டு நடுவில் போகும். உண்மையில் நீர் கரையின் ஓரத்தில் உள்ள கலிங்கு (உபரி நீர் வழியும் அமைப்பு) வழியாகத்தான் வெளியேறுகிறது. அடுத்த கண்மாய் எது என்பதே இதனால் மாறிப்போகலாம்.

எஸ்.ஆர்.டி.எம். உயரத் தரவைப் பயன்படுத்துகிறவர்கள் இரண்டை நினைவில் வைக்க வேண்டும். அது 2000 பிப்ரவரியில் விண்ணிலிருந்து எடுத்தது. அதற்குப் பின் வந்த நான்குவழிச் சாலை மேடுகளும், மேலூர் பக்கத்துக் கிரானைட் குவாரிக் குழிகளும் அதில் இல்லை. பிப்ரவரி என்றால் மாசி. நீர் நின்ற கண்மாயில் ராடார் பார்த்தது நீர்ப்பரப்பைத்தான், அடித்தரையை அல்ல. கண்மாயின் கொள்ளளவை அதிலிருந்து கணக்கிட வேண்டாம்.

செய்ய வேண்டியது:

1. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தைத் தளமாக வைத்து ஆற்றையும் ஓடையையும் வரத்துக்கால்களையும் மறுகால்களையும் வரையுங்கள். மறுகால் கலிங்கிலிருந்து தொடங்கி அடுத்த கண்மாயின் உள்வாய்க்குள் போய் முடிய வேண்டும்.
2. அந்தக் கோடுகளை உயர ராஸ்டரில் ‘பர்ன்’ செய்யுங்கள், அதாவது கோடு போகும் செல்களின் உயரத்தைக் குறையுங்கள். ஐந்து மீட்டர் ஆழம் பெரும்பாலும் போதும். ஐம்பது மீட்டர் வெட்டினால் பக்கத்துச் செல்களின் சரிவு எகிறி, பிறகு மண்ணரிப்பில் அது வந்து நிற்கும். சரிவைக் கணக்கிட, பர்ன் செய்யாத மூல ராஸ்டரையே வைத்துக்கொள்ளுங்கள்.
3. பெரியாறு பிரதானக் கால்வாயை ஓடையாக வரையாதீர்கள். அது சமவுயரக் கோட்டை ஒட்டிப் போகும் கால்வாய். பர்ன் செய்தால் மேலேயிருந்து வரும் ஓடைகளையெல்லாம் விழுங்கிவிடும். காட்டாறு கால்வாயைக் கடக்கும் இடங்களில் கீழ்ப்பாலமா, மேல்பாலமா, கால்வாய்க்குள்ளேயே சேர்கிறதா என்பதை நேரில் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அறிகுறி: மழைக்கு முந்தின நாளே வெள்ளம் வருகிறது

இந்திய வானிலைத் துறையின் தினமழை காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரையிலானது, முடியும் நாளின் தேதிதான் அதற்குப் போடப்படும். நம் பக்கத்தில் புரட்டாசி இடிமழை பெரும்பாலும் மாலையிலோ முன்னிரவிலோ இறங்கும். பத்தாம் தேதி மாலை ஏழு மணி மழை பதினொன்றாம் தேதிக் கணக்கில் விழும். சிறு ஓடையில் வெள்ளம் அன்றிரவே வடிந்திருக்கும். தினசரிப் பொருத்தம் கெட்டுப்போக இது ஒன்றே போதும்.

மழைத் தொடரையும் ஓட்டத் தொடரையும் −1, 0, +1 நாள் நகர்த்தி ஒட்டுறவைக் கணக்கிட்டுப் பாருங்கள். மழையை ஒரு நாள் முந்தைய தேதிக்கு நகர்த்தும்போது ஒட்டுறவு தெளிவாகக் கூடினால் மழைக் கோப்பை அப்படியே நகர்த்துங்கள். ஆனால் ஓட்ட அளவீடு எந்த மணிக்கு எடுக்கப்பட்டது என்பதையும் விசாரியுங்கள். அதுவும் காலை எட்டு மணி அளவு என்றால் இரண்டு பக்கமும் திருத்திவிடும் ஆபத்து உண்டு. மாத அளவில் மட்டும் வேலை செய்கிறீர்கள் என்றால் இதைக் கடந்து போகலாம்.

மழைக் கோப்பில் விடுபட்ட நாள்களையும் இங்கேயே பாருங்கள். வெற்று இடத்தைச் சுழியமாக நிரப்பினால் மழை காணாமல் போகும். −99 என்று விட்டால் சுவாட்டின் வானிலை ஜெனரேட்டர் தானே மழை பெய்விக்கும், அது நம் ஐப்பசி மழையாக இருக்காது. பக்கத்து நிலையத்திலிருந்து நிரப்புவதே நல்லது.

அறிகுறி: பருவத்தின் முதல் மழைகளில் மாடல் வெள்ளம் காட்டுகிறது, தரையில் சொட்டு இல்லை

இதுதான் நம் பக்கத்தில் அடிக்கடி வரும் நோய். சி.என். எண்ணைக் குறைத்துத் தீர்க்கப் பார்த்தால் கார்த்திகை வெள்ளம் காணாமல் போகும். காரணம் இரண்டு; இரண்டுக்கும் மருந்து வேறு.

முதல் காரணம் கண்மாய். உங்கள் படுகையில் உள்ள எல்லாக் கண்மாய்களின் கொள்ளளவையும் கூட்டிப் பரப்பால் வகுத்துப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, 100 சதுர கி.மீ. படுகையில் மொத்தம் 300 மில்லியன் கன அடி கொள்ளளவு இருந்தால் அது 85 மி.மீ. ஓடுநீருக்குச் சமம். கண்மாய்கள் காய்ந்து கிடக்கும் நிலையில் அவற்றின் பிடிப்புக்குள் விழும் ஓடுநீரில் அந்த அளவு சேரும்வரை கடைசிக் கலிங்கு வழியாது. பல ஆண்டுகளில் பருவம் முழுவதற்குமே அவ்வளவு ஓடுநீர் வராது. இவ்வளவு பெரிய கொள்கலத்தை மாடலில் சேர்க்காமல் விட்டால் எந்தப் பாராமீட்டரும் அதை ஈடுகட்டாது.

சுவாட்டில் வழி இரண்டு. துணைப்படுகைக்குள் சிதறிக் கிடக்கும் சிறு கண்மாய்களை ‘பாண்ட்’ கோப்பில் ஒன்றாகத் திரட்டிக் கொடுக்கலாம். ஒரு துணைப்படுகைக்கு ஒரு பாண்ட்தான் அனுமதி. பிரதான ஓடையின் மேலேயே நிற்கும் பெரிய கண்மாயை ‘ரிசர்வாயர்’ ஆக்க வேண்டும். அதற்குத் துணைப்படுகையின் வாய் சரியாகக் கலிங்கில் வருமாறு, எல்லை பிரிக்கும்போதே அங்கே ஒரு புள்ளி வையுங்கள். பிறகு நகர்த்த முடியாது.

பாண்ட் கோப்பில் கவனிக்க வேண்டியவை: கொள்ளளவின் அலகு பத்தாயிரம் கன மீட்டர், பரப்பின் அலகு ஹெக்டேர். 20 மில்லியன் கன அடிக் கண்மாய் என்றால் 566,340 கன மீட்டர், ஆக 56.6 என்றுதான் உள்ளிட வேண்டும். 20 என்றோ 566340 என்றோ போட்டால் கண்மாய் முறையே குட்டையாகவும் கடலாகவும் ஆகும். பிழைச் செய்தி எதுவும் வராது. துணைப்படுகையில் எத்தனை பங்கு நிலம் கண்மாய்க்குள் வடிகிறது என்ற பின்னத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு 1 போடாதீர்கள். கசிவு அளவைச் சுழியமாக விட்டால் ஆவியாதல் மட்டும் தின்னும். கண்மாய் வைகாசியிலும் தண்ணீரோடு நிற்கும். கசிவும் மடை வழி பாசனமும் சேர்ந்துதான் அதைக் காயவைக்கின்றன.

இரண்டாவது காரணம் கரிசல். திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர், தே. கல்லுப்பட்டிப் பக்கம் சித்திரை வெயிலில் நிலம் வெடித்துக் கிடக்கும். முதல் மழை வெடிப்புக்குள்ளேயே இறங்கிவிடும். இரண்டு மூன்று மழையில் மண் ஊறி வெடிப்பு மூடிக்கொண்டால், அதன்பின் அதே நிலம் சிமென்டுத் தரை மாதிரி நீரை வழியவிடும். ஒரே எண்ணால் இந்த இரண்டு நிலையையும் சொல்ல முடியாது.

எவ்வளவு வேறுபாடு என்று கணக்கே காட்டும். இந்திய வேளாண் அமைச்சகத்தின் நீரியல் கையேட்டு முறையில் கரிசலுக்கு முந்தைய ஈரம் இரண்டாம், மூன்றாம் நிலையில் இருந்தால் தொடக்க இழப்பு (ஓடுநீர் தொடங்கும் முன் நிலம் பிடித்துக்கொள்ளும் மழை) 0.1எஸ், கரிசல் முதல் நிலையில் இருந்தாலும், மற்ற மண் எல்லா நிலையிலும் 0.3எஸ். இங்கே எஸ் என்பது நிலம் அதிகபட்சம் பிடித்துவைக்கக்கூடிய நீர், மி.மீ.யில்; எஸ் = 25400/சி.என். − 254. சாதாரண ஈரத்துக்கு 80 என்ற எண் உள்ள கரிசலில் 60 மி.மீ. மழை பெய்கிறது. வறண்ட நிலையில் எண் 63.7 ஆக இறங்கும், ஓடுநீர் 1.7 மி.மீ. மட்டும். ஊறிய நிலையில் எண் 90.4 ஆக ஏறும், ஓடுநீர் 39 மி.மீ. அதே நிலம், அதே மழை.

எக்செல்லில் கணக்குப் போடுகிறவர்கள் முந்தைய ஐந்து நாள் மழையைத் தினமும் கூட்டி நிலையை மாற்றுங்கள். பயிர் நிற்கும் காலத்தில் 35 மி.மீ.க்குக் கீழே முதல் நிலை, 53-க்கு மேலே மூன்றாம் நிலை. பயிர் இல்லாத காலத்தில் அந்த எல்லைகள் 13, 28. சுவாட்டில் வெடிப்பு வழி நீரிறக்கத்துக்கென்றே ஒரு ஸ்விட்ச் உண்டு: பேசின் கோப்பில் ஐ.சி.ஆர்.கே. மதிப்பை 1 ஆக்கி, மண் கோப்பில் வெடிப்பின் கன அளவுப் பின்னத்தைக் கரிசல் மண்ணுக்கு மட்டும் கொடுங்கள்.

இரண்டில் எது உங்கள் காரணம் என்று பிரித்தறிய எளிய வழி உண்டு. கண்மாய்க்கு மேலே, வரத்துக்காலில் தண்ணீர் ஓடியதா என்று ஊரில் கேளுங்கள். வரத்துக்காலில் ஓடிக் கலிங்கில் வரவில்லை என்றால் கண்மாய். வரத்துக்காலே நனையவில்லை என்றால் வெடிப்பு. மடை திறக்கும் நீர்ப்பாய்ச்சிக்கு இது தேதியோடு தெரியும்.

அறிகுறி: மொத்தம் சரி, ஆனால் வெள்ள உச்சம் பாதிகூட இல்லை; அல்லது செம்மண் நிலத்தில் எல்லா மழையிலும் ஓடுநீர் கூடுதல்

உச்சம் குறைவதற்கு முதல் சந்தேகம் கட்ட மழைத் தரவு. 0.25 பாகைக் கட்டம் என்பது இருபத்தேழு கிலோமீட்டர்ச் சதுரம். சிறுமலையில் கொட்டி வாடிப்பட்டியில் தூறிய மழை இரண்டையும் கலந்து ஒரே சராசரியாகத் தரும். சாத்தையாறு போன்ற சிறு படுகைக்கு ஒரு கட்டமே முழுப் படுகையையும் மூடிவிடும். அருகிலுள்ள மழைமானித் தரவை முன்னுக்கு வைத்து, கட்டத் தரவை இடைவெளி நிரப்ப மட்டும் பயன்படுத்துங்கள். சுவாட் ஒவ்வொரு துணைப்படுகைக்கும் அதன் மையத்துக்கு அருகிலுள்ள ஒரே நிலையத்தைத்தான் எடுக்கும் என்பதால், மலைத் துணைப்படுகைக்கு அடிவார நிலையம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

செம்மண்ணில் ஓடுநீர் கூடுவதற்குக் காரணம் பெரும்பாலும் தொடக்க இழப்புக்கு எடுக்கும் 0.2 தான். சுவாட் தொடக்க இழப்பை எப்போதும் 0.2எஸ் என்றே எடுக்கும். எண் 80, மழை 60 மி.மீ. என்றால் 0.2-இல் ஓடுநீர் 20.2 மி.மீ.; 0.3-இல் 16 மி.மீ. இந்திய அட்டவணையிலிருந்து எண்ணை எடுத்து 0.2 வாய்பாட்டில் போட்டால் நான்கில் ஒரு பங்கு கூடுதலாக வருவது இயல்பு. இந்த மழைக்கு 16 மி.மீ. வர வேண்டுமென்றால் சுவாட்டில் ஏறத்தாழ 76.5 கொடுக்க வேண்டும். இந்தக் குறைப்புக்குக் காரணம் இருக்கிறது; எழுதி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

நஞ்சைக்கு அட்டவணை தரும் 95 என்ற எண்ணிலும் எச்சரிக்கை தேவை. வரப்பு உயரத்துக்கு வயல் நிறைந்த பிறகுதான் அது பொருந்தும். வரப்பு வரை இடமிருக்கும் வயல் 50 மி.மீ. மழையைத் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும்.

அறிகுறி: மழையே இல்லாத நாளில் ஆற்றில் நீர், மாடலில் வறண்ட ஆறு

நிலத்தடி நீர்ப் பாராமீட்டர்களைத் திருகுவதற்கு முன் அணையைப் பாருங்கள். முல்லைப் பெரியாற்று நீர் 1895 முதல் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைப் படுகைக்குள் வருகிறது. 1959 முதல் வைகை அணை அதைத் தேக்கித் திறந்துவிடுகிறது. பேரணையில் கால்வாய்க்குப் பிரிகிறது. இந்த நீர் உங்கள் படுகையில் பெய்த மழை அல்ல. அணைக்குக் கீழே மாடல் செய்தால், அணை வெளியேற்றத்தைத் தினசரி ‘இன்லெட்’ கோப்பாகக் கொடுத்து, அணைக்கு மேலே உள்ளதை வெட்டிவிடுங்கள். பேரணையில் பிரிந்த நீரைக் கழியுங்கள். மேலூர் பக்கத்துத் துணைப்படுகைகளில் பாசனமாகச் சேருங்கள். அங்கே கசிந்து ஓடையில் ஊறும் நீரும் அதிலிருந்து வருவதுதான்.

அறிகுறி: மண்ணரிப்பு எண் நம்ப முடியாத அளவு பெரிது, அல்லது மலையில் ஓட்டை ஓட்டையாக வெற்றிடம்

யு.எஸ்.எல்.இ. வாய்பாட்டின் எல்.எஸ். (சரிவின் நீளமும் செங்குத்தும்) காரணியை மட்டும் தனியாகத் திறந்து பாருங்கள்.

சமவெளியிலேயே நூற்றுக்கணக்கில் இருந்தால் உயர ராஸ்டர் பாகையிலேயே இருக்கிறது. கிடைமட்டம் பாகை, உயரம் மீட்டர் என்றால் எல்லாச் சரிவும் தொண்ணூறு பாகையை நெருங்கும். யு.டி.எம்.முக்கு மாற்றிவிட்டுச் சரிவை மறுபடி எடுங்கள்.

நாகமலை, அழகர்மலைச் சரிவுகளில் பட்டை பட்டையாக வெற்றிடம் தெரிந்தால், சைன் சார்புக்குப் பாகையை அப்படியே கொடுத்திருக்கிறீர்கள். ராஸ்டர் கால்குலேட்டர் ரேடியனைத்தான் எதிர்பார்க்கும். 3.14-க்கும் 6.28-க்கும் இடைப்பட்ட சரிவுகளில் விடை எதிர்மமாகும். எதிர்ம எண்ணை 1.3 அடுக்குக்கு உயர்த்த முடியாமல் செல் காலியாகும். காலியாகாத இடம் இன்னும் மோசம்: ஒரு பாகைச் சரிவில் விடை ஏறத்தாழ 150 மடங்கு கூடிவிடும். சரிவை 0.01745-ஆல் பெருக்கிவிட்டுச் சைன் எடுங்கள்.

ஓடைக் கோட்டில் மட்டும் எகிறினால், நீர் திரளும் செல் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைக்கவில்லை. யு.எஸ்.எல்.இ. தாளாக ஓடும் நீருக்கும் சிற்றோடை அரிப்புக்கும் ஆனது. 30 மீட்டர் செல்லில் நான்கைந்து செல் நீளத்துக்கு மேல், அதாவது 120–150 மீட்டருக்கு மேல், சரிவு நீளம் போகாமல் நிறுத்துங்கள். ஓடைச் செல்களை முகமூடியிட்டு விலக்குங்கள்.

எல்.எஸ். ஒழுங்காக இருந்தும் மொத்தமும் ஏறத்தாழ 7.6 மடங்கு அதிகமென்றால், கே (மண் அரிபடும் தன்மை) காரணி அமெரிக்க அலகில் இருக்கிறது, 0.1317-ஆல் பெருக்குங்கள். பத்து மடங்கு குறைவு என்றால் ஆர் (மழையின் அரிக்கும் திறன்) காரணியைப் பாருங்கள். இந்தியாவில் பலரும் எடுத்தாளும் ஆர் = 79 + 0.363 × ஆண்டு மழை என்ற சமன்பாடு பழைய மெட்ரிக் அலகில் பிறந்தது. 850 மி.மீ.க்கு ஏறத்தாழ 388 வரும். கே எஸ்.ஐ. அலகில் இருந்தால் இதை 9.81-ஆல் பெருக்கி ஏறத்தாழ 3,800 ஆக்க வேண்டும். பெருக்காமல் விட்ட வரைபடங்கள் நிறைய உலவுகின்றன; பக்கத்து மாவட்ட வரைபடத்தோடு ஒத்துப்போகிறது என்பதால் உங்களுடையது சரியாகிவிடாது.

அறிகுறி: ஐப்பசி, கார்த்திகையில் விளைநிலத்தின் மண்ணரிப்பு எகிறுகிறது; விளைச்சல் கோப்பைத் திறந்தால் அறுவடை ஆனியில்

தவறு மண்ணில் இல்லை, பயிர் நாள்காட்டியில் இருக்கிறது. சுவாட் இடைமுகம் தானாக எழுதும் பயிர் நிர்வாகம் வெப்ப அலகை வைத்து ஓடுகிறது: ஜனவரி 1 முதல் சேரும் ஆண்டு வெப்பத்தில் 0.15 பங்கு ஆனதும் விதைப்பு. குளிர் நாட்டில் அது வசந்தத்தில் வரும். ஆண்டு முழுக்க வெயில் அடிக்கும் மதுரையில் 365 நாளில் 0.15 பங்கு என்பது 55 நாள். பிப்ரவரி கடைசியில், மாசியில், மாடல் விதைக்கும். சுட்டெரிக்கும் பங்குனி, சித்திரையில் பயிரை வளர்த்து, ஆனியில் அறுத்துவிட்டு, வடகிழக்குப் பருவமழைக்கு நிலத்தை வெறுமையாகத் திறந்து வைக்கும். வெற்று நிலத்தின் சி (பயிர் மூடாக்கு) காரணி 0.8 வரை போகும். மண்ணரிப்பு எகிறாமல் என்ன செய்யும்?

வெப்ப அலகு முறையை அணைத்துவிட்டுத் தேதி கொடுங்கள். கரிசல் மானாவாரியில் பருத்தி, சோளம், குதிரைவாலி, பயறு வகைகளுக்குப் புரட்டாசி விதைப்பு. உழவு அதற்கு முந்தைய கோடை மழையில். பெரியாறு பாசன நஞ்சையில் அந்தந்த ஆண்டு தண்ணீர் திறந்த தேதியை வைத்து நடவு. அறுவடை தை, மாசி. பயிர் ஆண்டு இரண்டு ஆங்கில ஆண்டுகளில் பரவுவதால், நிர்வாகக் கோப்பில் ஜனவரியில் தொடங்கும் முதல் ஆண்டுக்கு நிற்கும் பயிராகத் தொடக்க இலைப்பரப்பும் உயிர்த்திணிவும் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் முதல் தை அறுவடைக்கு எதுவும் இருக்காது.

புரட்டாசி முதல் இரண்டு வாரம் மண் திறந்திருப்பது உண்மைதான். அப்போது மாடல் மண்ணரிப்புக் காட்டினால் அது பிழையல்ல. மாத வாரியாகப் பார்க்கும்போது உச்சம் பருவத்தின் தொடக்கத்தில் வந்து, பயிர் மூடியதும் மழை அதிகமிருந்தும் குறைய வேண்டும். இதுதான் சரியான வடிவம்.

மரங்களுக்கும் இதே கதி. சிறுமலைக் காட்டை மாடல் ஆண்டுதோறும் ‘அறுவடை செய்து கொல்’ என்று வெட்டிக்கொண்டிருக்கலாம். அந்த வரியை நீக்கி, நிற்கும் மரமாகத் தொடங்கச் செய்யுங்கள்.

அறிகுறி: கண்மாய் உள்வாயிலும் புறம்போக்கிலும் ஓடுநீரும் மண்ணரிப்பும் சுழியத்தை ஒட்டி

செயற்கைக்கோள் படத்தில் சீமைக்கருவேலம் அடர்காடாகத் தெரியும். அடர்காட்டுக்கு ‘பி’ வகை (நீர் நடுத்தரமாக இறங்கும்) மண்ணில் சி.என். எண் 40, புதர்க்காட்டுக்கு 47, தரிசுக்கு 80. கருவேலத்தின் அடியில் பெரும்பாலும் புல்லோ சருகுமெத்தையோ இருக்காது. மேலே இலை மூடியிருந்தாலும் தரை திறந்திருக்கும். அதைக் காடு வகுப்பிலிருந்து பிரித்துத் தனி வகுப்பாக்கி, புதருக்கும் தரிசுக்கும் இடைப்பட்ட எண் கொடுங்கள். வறண்ட கண்மாய் உள்வாய் ‘தரிசு நிலம்’ என்று வகைப்பட்டிருந்தால் நீர்நிலை லேயரை மேலே போட்டு மாற்றுங்கள். வகைப்பாட்டுக்கு எடுத்த படம் எந்த மாதத்தது என்று கட்டாயம் பாருங்கள்: ஆவணிப் படத்தில் மானாவாரி முழுவதும் தரிசு, தையில் அதுவே பயிர்.

அறிகுறி: நிலப்பயன் மாறாமலே, ஹெச்.ஆர்.யு. வரம்பை மாற்றியதும் மண்ணரிப்பு மாறுகிறது

ஹெச்.ஆர்.யு. என்பது ஒரே நிலப்பயன், மண், சரிவு உள்ள துண்டு. சுவாட்டின் மண்ணரிப்பு வாய்பாட்டின் இயல்பு இது. பரப்பும் உச்சமும் சேர்ந்து 1.12 அடுக்காக வருவதால் ஒரு துண்டைப் பத்தாக வெட்டினால் மொத்த மண் 24 சதவீதம் குறையும். பழைய நிலப்பயனையும் புதிய நிலப்பயனையும் ஒப்பிடும்போது வரம்பு சதவீதங்களும் சரிவு வகுப்புகளும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும். முடிந்தால் ஒரே ஹெச்.ஆர்.யு. அமைப்பில் எண்ணையும் பயிரையும் மட்டும் மாற்றி ஓட்டுங்கள்.

அறிகுறி: மாடல் சொல்லும் மண்ணும் கண்மாயில் படிந்த வண்டலும் ஒத்துவரவில்லை

முதலில், ஒரே பொருளைத்தான் ஒப்பிடுகிறீர்களா என்று பாருங்கள். யு.எஸ்.எல்.இ. சொல்வது வயலில் இடம்பெயர்ந்த மண். அதில் ஒரு பங்குதான் கீழே வந்து சேரும். 0.4724 × பரப்பு(ச.கி.மீ.)^−0.125 என்ற வாய்பாட்டின்படி 100 சதுர கி.மீ.க்கு 0.27 மட்டும். இது பொது வாய்பாடு. இடையில் கண்மாய்ச் சங்கிலி இருந்தால் மேல்கண்மாய்கள் பிடித்துவைப்பதைத் தனியே கழிக்க வேண்டும். யு.எஸ்.எல்.இ. ஓடைக்கரை இடிவதையோ ஆழ்ந்த அரிபள்ளத்தையோ கணக்கில் எடுப்பதில்லை என்பதால் வண்டல் மாடலை விடக் கூடுதலாகவும் இருக்கலாம்.

கன மீட்டரை டன்னாக்கும்போது படிந்து காய்ந்த வண்டலுக்கு 1.2 முதல் 1.4 வரை எடுங்கள், பாறையின் 2.65-ஐ எடுக்காதீர்கள். பிறகு, தூர்வாரிய ஆண்டைக் கேளுங்கள். 2017 முதல் குடிமராமத்தில் பல கண்மாய்கள் தூர்வாரப்பட்டன. விவசாயிகள் வண்டல் எடுத்துப் போவதும் உண்டு. இரண்டு அளவீட்டுக்கு நடுவே மண் எடுத்திருந்தால் அந்த வேறுபாட்டுக்கு எந்தப் பொருளும் இல்லை. தூர்வாரலுக்குப் பின் எடுத்த அளவீட்டிலிருந்து தொடங்குங்கள். பாண்ட் கொள்ளளவையும் அந்த ஆண்டிலிருந்து மாற்றுங்கள்.

அறிகுறி: பொருத்திய ஆண்டுகளில் அருமை, சோதனை ஆண்டுகளில் படுதோல்வி

ஆண்டுகளைப் பிரித்த விதத்தைப் பாருங்கள். 2016-இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைவு. ஈர ஆண்டுகளில் மட்டும் பொருத்தி 2016-இல் சோதித்தால் மாடல் தடுமாறத்தான் செய்யும். பொருத்தும் பகுதியிலும் சோதிக்கும் பகுதியிலும் ஈரமும் வறட்சியும் கலந்திருக்கட்டும். தொடக்கச் சூடேற்றத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு விடுங்கள்; கண்மாய்கள் காலியாகத் தொடங்குகின்றனவா நிறைந்தா என்ற தாக்கம் அதற்குள் தேயும்.

மாத ஓட்டத்தில் நாஷ்–சட்கிளிஃப் திறன் (அளந்த ஓட்டத்தோடு மாடல் எவ்வளவு பொருந்துகிறது என்ற எண்) 0.5-க்கு மேலும், மொத்த விலகல் 25 சதவீதத்துக்குள்ளும், வண்டலுக்கு 55 சதவீதத்துக்குள்ளும் வந்தால் ஏற்கத்தக்கது என்பது வழக்கம். நம் ஆறுகளில் ஆண்டின் பெரும்பகுதி சுழியம் என்பதால் இந்தத் திறன் எண் ஓரிரு வெள்ளத்தாலேயே உயர்ந்துவிடும். ஐப்பசி முதல் மார்கழி வரை மட்டும் தனியாக ஒருமுறை கணக்கிடுங்கள். அதோடு, ஒவ்வொரு ஆண்டும் எந்தத் தேதியில் கலிங்கு முதலில் வழிந்தது என்ற பட்டியலை ஊரில் கேட்டு வாங்கி, மாடலின் தேதியைப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு வாரத்துக்குள் இருந்தால் கண்மாய்க் கணக்கு பிடிபட்டுவிட்டது. சி.என். எண்ணை இப்போது திருகலாம்: இரண்டு மூன்று புள்ளி, அதற்கு மேல் கேட்டால் மறுபடி மழைக் கோப்புக்குப் போங்கள்.